எம்.ஜி.ஆர். வேடத்தில்: எம்.ஜி.ஆர்.

1977 ஜூன். அருப்புக்கோட்டை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்து, சீமைக்கருவேல மரமே ஒதுங்க நிழல் தேடுகிற வெயில். அந்த வெயிலில், தலையில் வெள்ளை ரோமத் தொப்பி வைத்த ஒருவர் அந்தத் தொகுதியில் வேட்பாளர். வேறு யாராவது அப்படி வந்திருந்தால் திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, 'உடம்புக்கு ஒண்ணுமில்லையே அண்ணாச்சி?' என்று விசாரித்திருப்பார்கள். இவரை ஜெயிக்க வைத்து கோட்டைக்கே அனுப்பினார்கள்!

'அடிமைப் பெண்' ஷூட்டிங்குக்காக ராஜஸ்தான் போனபோது தலையில் ஏறிய தொப்பி அது என்பார்கள். ஷூட்டிங் முடிந்தால் எல்லா நடிகரும் விக்கைக் கழற்றி மேக்கப் மேனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எம்.ஜி.ஆர். தொப்பியோடு வீட்டுக்குப் போனார். அப்புறம் தொப்பியோடு சட்டசபைக்கே போனார்.

அந்தத் தேர்தலை ஒரு படமாக நினைத்துக்கொள்ளுங்கள். டைட்டில் கார்டில் என்ன போடுவீர்கள்? 'எம்.ஜி.ஆர். வேடத்தில்: எம்.ஜி.ஆர்.' அவ்வளவுதான். 1999-ல் ஹாலிவுட்டில் ஜான் மால்கோவிச் என்கிற நடிகர், ஜான் மால்கோவிச் என்கிற நடிகராகவே நடித்தார். 'ஆஹா, என்ன துணிச்சல், என்ன தத்துவம்!' என்று விமர்சகர்கள் புல்லரித்துப்போனார்கள். அருப்புக்கோட்டைக்காரர்கள் அதே ஐட்டத்தை 22 வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டார்கள். டிக்கெட்கூட இல்லை, விரலில் மை மட்டும்தான் செலவு.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். 'பாவம், பாமர ஜனங்கள், சினிமா எது நிஜம் எதுன்னு தெரியாமக் குழம்பிட்டாங்க.' அப்படியா? தறியில் ஆயிரக்கணக்கான இழையை ஒன்றோடு ஒன்று சிக்காமல் ஓட்டுகிற ஊர் சார் அது. அவர்களா குழம்புவார்கள்? குழப்பம் இருந்தது உண்மைதான். ஆனால் அது திரைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1958-ல் 'நாடோடி மன்னன்'. வீராங்கன் என்கிற சாமானியன். மன்னர் மார்த்தாண்டனுக்கு அச்சு அசல் அதே முகம். மன்னர் சீட்டில் இவன் உட்கார்ந்து ஏழைகளுக்கான சட்டமாகப் போட்டுத் தள்ளுகிறான். தயாரிப்பு, டைரக்‌ஷன், இரண்டு வேடம், எல்லாமே எம்.ஜி.ஆர். கையில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, 'படம் ஓடினால் நான் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி' என்று சொன்னதாகச் சொல்வார்கள். படம் ஓடியது. ஆனால் நிஜ நாற்காலி வர இன்னும் 19 வருஷம் ஆனது. இவ்வளவு நீளமான ரிகர்சலை எந்த நாடகக் கம்பெனியும் தாங்கியிருக்காது!

உக்ரைனில் ஸெலென்ஸ்கி என்கிற காமெடி நடிகர், 2015-ல் ஒரு டி.வி. தொடரில் பள்ளிக்கூட வாத்தியாராக வந்து ஜனாதிபதி ஆனார். தொடரின் பெயர் 'மக்களின் சேவகன்'. அதே பெயரில் கட்சி. 2019-ல் நிஜமாகவே ஜனாதிபதி. 'உலக வரலாற்றில் முதல்முறையாக!' என்று அப்போது பலர் வியந்தார்கள். வாத்தியார் வேடத்தில் நடித்தவர் அங்கே ஜெயித்தார். இங்கே எந்த வேடம் போட்டாலும் 'வாத்தியார்' என்றே அழைக்கப்பட்டவர் அதற்கு 42 வருஷம் முன்னாலேயே ஜெயித்திருந்தார்.

முதலமைச்சர் ஆனதும் நடிப்பை விட்டாரா என்றால், நடிப்பு அவரை விடவில்லை. 1977 ஜூன் 30-ல் பதவியேற்பு. 1978 பொங்கலுக்கு 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' ரிலீஸ். மாநிலத்தின் முதலமைச்சர், தியேட்டரில் பாண்டிய இளவரசன். கரிசல்காட்டு வாக்காளர் ஒருத்தர் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுப் போட்டு அனுப்பியது அருப்புக்கோட்டை. படத்தில் பேர் கிடைத்தது மதுரைக்கு!

அதோடு ஆசை தீர்ந்ததா? இல்லை. முதல்வராக இருந்துகொண்டே இன்னொரு படம் நடிக்கத் திட்டமிட்டார். இளையராஜா இசை, பூஜை எல்லாம் நடந்தது. படம் மட்டும் நடக்கவில்லை. தலைப்பு 'உன்னை விடமாட்டேன்'. இதை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. முதலமைச்சர் நடிகரைப் பார்த்தா? நடிகர் முதலமைச்சரைப் பார்த்தா? என் ஓட்டு மூன்றாவது ஆளுக்கு: எம்.ஜி.ஆர். என்கிற கதாபாத்திரம், மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் என்கிற மனிதரைப் பார்த்துச் சொன்னது.

ஏனென்றால் அந்தக் கதாபாத்திரம் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிகரெட் பிடிக்கக்கூடாது. குடிக்கக்கூடாது. அம்மா பேச்சைத் தட்டக்கூடாது. ஏழையைக் கண்டால் உருகணும், வில்லனைக் கண்டால் சிரித்துக்கொண்டே அடிக்கணும். இவ்வளவு கண்டிஷன் போட்டு எந்த மாமனாரும் மாப்பிள்ளை தேடியிருக்க மாட்டார். 1968-ல் அவருடைய நூறாவது படம் 'ஒளிவிளக்கு'. இந்திக் கதை, ஹீரோ திருடன், குடிக்கவும் செய்வான். என்ன செய்வது? ஒரே வழிதான். அவர் குடித்ததும் விதவிதமான உடுப்பில் பல எம்.ஜி.ஆர்.கள் தோன்றி, 'நீயெல்லாம் மனுஷனா?' என்கிற ரேஞ்சில் பாட்டாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். குடித்தவர் ஒருத்தர், கண்டித்தவர்கள் ஒரு கும்பல். மெஜாரிட்டி எப்போதும் இமேஜ் பக்கம்தான்.

இப்போது அருப்புக்கோட்டைக்காரர் மூளையைக் கவனியுங்கள். 'இவர் நிஜத்தில் அப்படிப்பட்டவரா?' என்று அவர் கேட்கவே இல்லை. 'இனிமேல் அப்படித்தான் இருந்தாகணும், வேற வழி கிடையாது' என்று கணக்குப் போட்டார். மற்ற அரசியல்வாதி கொடுத்த வாக்கை மறுநாளே மறக்கலாம். பத்திரிகையில் வந்தால் 'திரித்துவிட்டார்கள்' என்று சொல்லலாம். ஆனால் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து எத்தனையோ ராத்திரி பார்த்த வாக்குறுதியை எப்படித் திரிப்பது? அதற்குப் பிலிம் ஆதாரம் இருக்கிறது. கலரில் வேறு!

ஒரு துப்பாக்கியால்கூட அந்தக் கதாபாத்திரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்டார். குண்டு தொண்டைக்குப் போனது. ஒரு கதாநாயகனின் குரலே மாறிப்போனது. வேறு நாடாக இருந்தால் டப்பிங்குக்கு ஆள் தேடியிருப்பார்கள். இங்கே ரசிகர்கள் பழைய குரலை ரத்து செய்துவிட்டுப் புதுக் குரலை அங்கீகரித்தார்கள். கழுத்துக் கட்டோடு இருக்கிற அவர் படம் போஸ்டராகி ஊரெல்லாம் சுவரேறியது. அடுத்து வந்த தேர்தலில் வேட்பாளர் ஆஸ்பத்திரியில்; பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தது போஸ்டர்.

அதே தேர்தலில், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து விருதுநகரில் நடந்ததுதான் நெஞ்சைப் பிசைகிற காமெடி. காமராஜர் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். 'படுத்துக்கொண்டே ஜெயிப்போம்' என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் சொல்வார்கள். சொந்த ஊரில், சீனிவாசன் என்கிற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அந்தப் பக்கம் எம்.ஜி.ஆர். 1967-ல் சென்னை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஜெயித்தார். 1984-ல் நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஆண்டிபட்டியில் மறுபடி ஜெயித்தார். படுத்துக்கொண்டே ஜெயிக்கிற ஐடியாவைச் சொன்னது ஒருத்தர், கால்ஷீட் கொடுத்தது இன்னொருத்தர்.

அந்த 1984 பிரசாரத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். உடம்பு முடியாத எம்.ஜி.ஆராக எம்.ஜி.ஆர். சண்டை இல்லை, டூயட் இல்லை, மாளிகை செட் இல்லை. ஹீரோ உயிரோடு இருக்கிறார் என்பதே கதை, அதுவே கிளைமாக்ஸ். படம் சூப்பர் ஹிட்!

பெயரிலிருந்துதான் இந்த வியாதி தொடங்குகிறது. டி.ஆர்.ராமச்சந்திரன் என்று ஏற்கெனவே ஒரு புகழ்பெற்ற நடிகர் இருந்ததால், ஆரம்பப் படங்களில் நம்மவர் டைட்டிலில் 'எம்.ஜி.ராம்சந்தர்' என்று கொஞ்சம் வடக்கத்தி வாசனையோடு வருவார். அதே காலத்தில் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜி வேடம் எம்.ஜி.ஆருக்குத்தான் முதலில் வந்தது. அவர் நடிக்கவில்லை. வி.சி.கணேசன் என்கிற ஒல்லிப் பையன் நடித்தான். பெரியார் பார்த்துவிட்டு 'சிவாஜி' கணேசன் என்றார். யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு எம்.ஜி.ஆர். ஒத்துக்கொண்டிருந்தால் அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.வின் பெயர் சிவாஜி ராமச்சந்திரன்!

தலை சுற்றுகிறதா? இன்னும் இருக்கிறது. பெங்களூரில் நிஜமாகவே சிவாஜி ராவ் என்று பெயர் வைத்த ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். 'ஏற்கெனவே ஒரு சிவாஜி இருக்காரே' என்று கே.பாலசந்தர் தன் பழைய நாடகத்துக் கதாபாத்திரத்தின் பெயரை எடுத்து 'ரஜினிகாந்த்' ஆக்கினார். அதே ரஜினி 2007-ல் 'சிவாஜி' என்கிற படத்தில் சிவாஜி என்கிற வேடத்தில் நடித்தார். படத்தின் பிற்பாதியில் அந்த சிவாஜி செத்துப் பிழைத்து, மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, 'எம்.ஜி.ரவிச்சந்திரன்' என்று சொல்லிக்கொள்கிறார். சுருக்கமாக எம்.ஜி.ஆர்.! ஆக, சிவாஜியாகப் பிறந்தவர், கதாபாத்திரமாகப் பெயர் மாறி, சிவாஜியாக நடித்து, எம்.ஜி.ஆராக முடிகிறார். ஆதார் ஆபீஸில் இந்தக் கதையைச் சொன்னால் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ரஜினி ரஜினியாகவே நடித்த படமும் உண்டு. 1984-ல் 'அன்புள்ள ரஜினிகாந்த்'. அன்பு இல்லத்தில் வளரும், உடம்புக்கு முடியாத ஒரு சிறுமியின் மனசை நடிகர் ரஜினிகாந்த் ஜெயிக்கிற கதை. சிறுமி: மீனா. 2008-ல் 'குசேலன்'. இதில் அவர் அசோக்குமார் என்கிற சூப்பர் ஸ்டார். அதாவது மீசைக்குப் பதில் வேறு பெயரை ஒட்டிக்கொண்ட ரஜினி. ஏழை முடிதிருத்துநர் நண்பனின் மனைவி: அதே மீனா! இடையில் 'எஜமான்', 'முத்து'வில் அவருக்கே ஜோடி. மீனா வளர்ந்துகொண்டே போனார். ரஜினிக்கு மட்டும் கேரக்டரும் மாறவில்லை, வயசும் ஏறவில்லை.

'குசேலன்' படத்தில் ஒரு சிக்கல். 'அரசியலுக்கு வருவேன்னு படத்துல பேசறீங்களே?' என்று ஒருத்தர் கேட்க, 'அதெல்லாம் வசனகர்த்தா எழுதினது' என்று அர்த்தம் வரும்படி ஹீரோ பதில் சொல்வார். கோபம் வந்தது யாருக்கு? ரசிகர்களுக்கு! கற்பனைக் கதாபாத்திரம் கற்பனையாகச் சொன்ன உண்மைக்கு நிஜக் கோபம். 2017 டிசம்பர் 31-ல் நிஜ ரஜினி 'வருகிறேன்' என்றார். 2020 டிசம்பரில் 'வரவில்லை' என்றார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், உண்மையைச் சொன்னது அசோக்குமார்தான்.

இதெல்லாம் நம் ஊர் மகிமை மட்டும்தானா என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் பஃபலோ பில் என்று ஒருத்தர். ராணுவத்துக்கு வழிகாட்டி வேலை பார்த்தவர், 1872-லிருந்து மேடையில் 'பஃபலோ பில்' ஆகவே நடித்தார். 1876-ல் மறுபடி நிஜச் சண்டைக்குப் போகவேண்டி வந்தது. என்ன உடுத்தினார் தெரியுமா? மேடையில் போடுகிற வெல்வெட் காஸ்ட்யூம்! சண்டை முடிந்ததும் அதையே நாடகமாக்கி ஊர் ஊராக நடித்தார். அருப்புக்கோட்டைத் தொப்பி இப்போது எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது பாருங்கள்.

சரி, நம் ஊருக்கே வருவோம். 1980-ல் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குக்கு லொக்கேஷன் மாற்றினார். மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அருப்புக்கோட்டை கோபித்துக்கொள்ளவில்லை. பின்னாளில், 2016-லும் 2021-லும் இன்னொரு ராமச்சந்திரனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது: கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன். 1977-ல் எம்.ஜி.ஆர். கட்சியிலேயே பக்கத்து சாத்தூரில் ஜெயித்தவர், இப்போது தி.மு.க. இனிஷியல் இரண்டிலிருந்து ஐந்தாக வளர்ந்தது. கட்சி மட்டும் எதிர்ப் பெஞ்சு!

2024 மக்களவைத் தேர்தல்தான் உச்சம். அருப்புக்கோட்டையை உள்ளடக்கிய விருதுநகர் தொகுதி. ஒரு பக்கம் விஜயகாந்தின் மகன். 'கருப்பு எம்.ஜி.ஆர்.' என்றும் 'கேப்டன்' என்றும் கொண்டாடப்பட்டவர் அப்பா. எந்தப் படைக்கு கேப்டன் என்று தேடாதீர்கள். 1991-ல் அவருடைய நூறாவது படம் 'கேப்டன் பிரபாகரன்'. அதில்கூட அவர் வனத்துறை அதிகாரி! மகன் பெயர் விஜய பிரபாகரன். முன்பாதி அப்பா, பின்பாதி அப்பாவின் கதாபாத்திரம். படத்துக்கும் பிள்ளைக்கும் பெயர் கிடைத்த இடம் ஈழம்.

மறுபக்கம் யார்? ராதிகா. எந்த ராதிகா? 'சித்தி' ராதிகா. அதுவா முக்கியம்? எம்.ஆர்.ராதாவின் மகள் சார்! எம்.ஜி.ஆர். ஜெயித்த அதே மண்ணில், 1967 துப்பாக்கிச் சூட்டுக்கு 57 வருஷம் கழித்து, கருப்பு எம்.ஜி.ஆரின் வாரிசும் எம்.ஆர்.ராதாவின் வாரிசும் நேருக்கு நேர். துப்பாக்கி இல்லாத ரீமேக். எந்தக் கதாசிரியர் எழுதிக் கொண்டுபோனாலும் 'ரொம்ப சினிமாத்தனமா இருக்கு' என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

வாக்காளர் என்ன செய்தார்? இரண்டு ட்ரெய்லரையும் ஆற அமரப் பார்த்தார். பிறகு நடிப்புக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத காங்கிரஸ்காரரை 4,379 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார். 'குழம்புகிற ஜனம்' என்று சொன்னவர்கள் இந்த இடத்தில் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். வாரிசுக்கு அப்பாவின் கெட்டப் வரும். ஆனால் அப்பாவைப் பூட்டி வைத்திருந்த கண்டிஷன்கள் வராது; அதனால் ஓட்டும் முழுசாக வராது. ஜெயித்தவர் பெயர் மாணிக்கம் தாகூர். முதல் பாதி 'பாட்ஷா' ஆட்டோக்காரர், இரண்டாம் பாதி நோபல் பரிசு. பெயர் விஷயத்தில் இந்த மண்ணை விட்டுத் தப்பவே முடியாது!

பக்கத்துத் திருச்சுழியில் அதே தேர்தலில் வேறு நாடகம். அந்தச் சட்டமன்றத் தொகுதி ராமநாதபுரம் மக்களவைக்குள் வருகிறது. அங்கே முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழம் சின்னத்தில் நின்றார். அவருக்குத் துணையாக, அவர் கேட்காமலேயே, ஓ.பன்னீர்செல்வம் என்கிற பெயரில் இன்னும் நான்கைந்து பேர் மனுப் போட்டார்கள். இனிஷியல்கூட மாறவில்லை! ஜெயலலிதா நாற்காலியில் உட்கார முடியாமல் போனபோதெல்லாம் பொறுப்பாக உட்கார்ந்து காத்தவர் பன்னீர்செல்வம். சினிமாவில் அதற்கு 'டூப்' என்று பெயர். டூப்புக்கே டூப் போட்ட முதல் தேர்தல் இதுவாகத்தான் இருக்கும்.

அத்தனை பன்னீர்செல்வங்களுக்கு நடுவில் திருச்சுழிக்காரரும் மற்றவர்களும் நிஜமானவரைச் சரியாகக் கண்டுபிடித்து, லட்சக்கணக்கில் ஓட்டுப் போட்டு, இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அசல் எது நகல் எது என்று தெரிந்தது. தெரிந்த பிறகு அசலையும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள்!

ஊர் அப்படி. 'நான் யார்?' என்கிற கேள்வியை உலகத்துக்குக் கொடுத்ததே அந்தத் திருச்சுழிதான். 1879-ல் அங்கே வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில் பிறந்த வெங்கடராமன்தான் பிற்பாடு ரமண மகரிஷி. 1896-ல், பதினாறு வயதில், மதுரையில் அண்ணனின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். மிச்சத்தோடு ஒரு சீட்டும் வைத்தார். அந்தச் சீட்டு 'நான்' என்று ஆரம்பிக்கிறது. ஓரிரு வரியிலேயே 'நான்' காணாமல் போய் 'இது' என்று மாறுகிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு!

பாருங்கள், இந்தக் கட்டுரை முழுக்க எத்தனை பேர் எத்தனை பெயரைச் சுமந்து அல்லாடினார்கள். தொப்பியைக் கழற்ற முடியாதவர், கேப்டன் பட்டத்தைக் கழற்ற முடியாதவர், ரஜினியைக் கழற்ற முடியாத சிவாஜி ராவ். 'எம்.ஜி.ஆர்.' வேடத்திலிருந்து எம்.ஜி.ஆருக்குக் கடைசிவரை லீவு கிடைக்கவில்லை. மெரினா சமாதியில் இன்றும் சிலர் காதை வைத்து அவர் வாட்ச் ஓடுகிறதா என்று கேட்கிறார்கள். வேடத்தை முழுசாகக் கழற்றியது திருச்சுழிப் பையன் ஒருத்தன்தான், அதுவும் 3 ரூபாய் செலவில்.

சரி, அந்தப் பையனே சொந்தத் தொகுதியில் நிற்கிறான் என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வேட்பாளர் பெயர்: 'இது'. கையெழுத்து: ஒரு கோடு. தேர்தல் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்ப்பார். மனு தள்ளுபடி. 'நெக்ஸ்ட்!' என்பார். வரிசையில் அடுத்தடுத்து ஓ.பன்னீர்செல்வங்கள்.